நிலநடுக்கப் பதிவேட்டில் விடுபட்டவற்றைப் புள்ளிவிபரத்தால் நிரப்பலாமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன். தவறிய தரவு பற்றிய பாடம் வரும்போது நிலநடுக்கப் பட்டியல்களையே உதாரணமாக எடுப்பேன். தரவு ஏன் தவறுகிறது, எவ்வளவு தவறுகிறது என்பதை அவற்றைப் போலத் தெளிவாகக் காட்டும் வேறு தரவு குறைவு. வகுப்பிலும் வெளியிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். உயர்தரத்தில் படித்த மடக்கை நினைவிருந்தால் எல்லாம் விளங்கும்.

பூமி ஆடினா மெஷின் பதியும்தானே சேர்? பிறகென்னண்டு இடைவெளி வரும்?

முதலில், கருவிகளின் வயது மிகக் குறைவு. இந்தியாவின் முதல் நிலநடுக்க நிலையம் கல்கத்தாவின் அலிப்பூரில் 1898 இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தின வருடம் ஷில்லோங்கில் வந்த பெரிய நடுக்கம்தான் அதற்குக் காரணம். உலகம் முழுக்க ஒரே தரத்தில் கருவிகள் வைக்கப்பட்டது 1960களின் தொடக்கத்தில். இலங்கையில் கண்டிக்குப் பக்கத்துப் பல்லேகலை நிலையம் உலக வலையமைப்பில் இயங்குவது 2000 முதல். அதற்கு முந்தைய காலத்துச் சின்ன நடுக்கங்கள் நம் பக்கத்தில் வந்திருந்தாலும் அவற்றைக் கேட்க ஆளில்லை.

கருவி இருந்தாலும் பிரச்சினை தீராது. சின்ன நடுக்கத்தின் அலை தூரத்து நிலையத்தை அடைவதற்குள் தேய்ந்துவிடும். வீதி, தொழிற்சாலை, கடலலை எல்லாம் நிலத்தை எந்நேரமும் கொஞ்சம் ஆட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்த இரைச்சலுக்குள் அது மறைந்துபோகும். ஒரு நடுக்கம் எங்கே நடந்தது என்று கணக்கிடப் பல நிலையங்களில் அது தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் மின்சாரம் போவது, கருவி பழுதாவது, யுத்தம் வருவது.

இதைவிட இன்னொரு வகையும் உண்டு. நடுக்கம் பட்டியலில் இருக்கும், ஆனால் அதன் ஆழமோ பருமனோ (நடுக்கம் எவ்வளவு பெரிது என்று சொல்லும் எண்) வெற்றாக இருக்கும். நிகழ்வே விடுபடுவதும் நிகழ்வின் ஒரு விபரம் விடுபடுவதும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. கீழே பெரும்பாலும் முதலாவதைப் பற்றியே பேசுகிறேன்.

எங்கட யாழ்ப்பாணத்தில பூகம்பமே வாறேல்லை. இதைப் படிச்சு என்ன பிரயோசனம்?

இலங்கை பூமியின் மேலோட்டுத் தட்டு ஒன்றின் நடுப்பகுதியில் இருக்கிறது, தட்டு விளிம்பு ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால். ஆகவே ஆபத்து குறைவு என்பது சரி. ஆனால் குறைவு என்பது பூச்சியம் ஆகாது. 1615 ஏப்ரல் 14 இல் கொழும்பில் பெரும் சேதம் விளைத்த நடுக்கம் ஒன்றைப் போர்த்துக்கேயர் காலக் குறிப்பு சொல்கிறது. 1938 செப்டெம்பரில் மன்னார் வளைகுடாவில் 6 ஐ ஒட்டிய பருமனில் ஒன்று. 2020 ஆகஸ்ட் இறுதியில் கண்டி திகனப் பக்கம் சிறு அதிர்வுகள். 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு மேற்கே நடுக்கடலில் 8.6, அதே நாளில் பின்னர் 8.2, அன்று நம் கரையோரச் சனமும் வெளியேறினது பலருக்கு நினைவிருக்கும். 2004 டிசம்பர் 26 பற்றி வடமராட்சி கிழக்குக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பதிவே இல்லாத இடத்துக்கும் புள்ளிவிபரம் ஒரு பதில் வைத்திருக்கிறது. ஓரிடத்தில் 25 வருடம் கவனித்து ஒரு நடுக்கமும் காணவில்லை என்று வையுங்கள். நிகழ்வுகள் புவசோன் பரம்பலைப் பின்பற்றினால் (அதாவது ஒன்றையொன்று சாராமல், மாறாத சராசரி வீதத்தில் வந்தால்), வருடாந்த வீதத்தின் 95 சதவீத மேல் எல்லை சுமார் 3 ஐ 25 ஆல் வகுத்தது, அதாவது 0.12. வீதம் அதைவிடக் கூடினால் 25 வருடமும் ஒன்றும் வராதிருக்க நிகழ்தகவு 5 சதவீதத்துக்கும் குறைந்துவிடும். ஏறக்குறைய எட்டு வருடத்துக்கு ஒன்று என்ற வீதம்கூட அந்த 25 வருட மௌனத்துக்கு முரணானதில்லை. “ஒண்டும் வரேல்லை” என்பதற்கு அவ்வளவுதான் பலம். இந்தக் கணக்கை எல்லோரும் ஒரு தடவையாவது தம் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

நடக்காததை நடந்ததா எழுதிச் சேர்த்தா அது பொய் இல்லையோ?

நல்ல கேள்வி, இதை அடிக்கடி அம்மா அப்பாமார் கேட்பார்கள். நாம் திரும்பப் பெற முயல்வது எண்ணிக்கையை. “இந்தப் பத்து வருடத்தில் 3 க்கு மேற்பட்ட நடுக்கங்கள் சுமார் இத்தனை நடந்திருக்க வேண்டும், பிழை இவ்வளவு வரை போகலாம்” என்று சொல்லலாம். “1957 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை மன்னாருக்கு அப்பால் ஒன்று நடந்தது” என்று எந்தப் புள்ளிவிபர முறையாலும் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் நீங்கள் சொல்வதுபோலப் பொய்தான்.

நமக்கே இதில் அனுபவம் உண்டு. 2001 குடிசன மதிப்பீடு நாட்டின் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணத்துக்கு அன்று கிடைத்தது மதிப்பிட்ட ஒரு மொத்தம். 1981 க்குப் பிறகு முழு எண்ணிக்கை வந்தது 2012 இல். அந்த மதிப்பீட்டு எண்ணில் யாருடைய பெயரும் முகவரியும் இல்லை, ஆனால் அது இல்லாமல் ஒரு பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ திட்டம் போட முடியாது. அது மதிப்பீடு என்று பக்கத்தில் எழுதியிருக்கும் வரை அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

எத்தனை தவறிப்போச்சு எண்டு எப்படித் தெரியும்? தவறினது தவறினதுதானே.

இங்கேதான் இயற்கை நமக்குக் கைகொடுக்கிறது. பருமன் ஒன்று குறைந்தால் நடுக்கங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பத்து மடங்காகும். இதை 1944 இல் நிலநடுக்க ஆய்வாளர்கள் கூட்டன்பேர்க்கும் ரிக்டரும் ஒரு நேர்கோடாக எழுதினார்கள்: ஒரு பருமனும் அதற்கு மேலும் உள்ள நடுக்கங்களின் எண்ணிக்கையின் மடக்கை, ஏ கழித்தல் பீ பெருக்கல் பருமன். ஏ அந்த இடத்தில் நடுக்கம் மொத்தத்தில் எவ்வளவு அதிகம் என்பதைக் காட்டும். பீ என்ற சரிவு பெரும்பாலான இடங்களில் 1 ஐ ஒட்டி இருக்கும். பெரிய பருமன்கள் கோட்டில் ஒழுங்காக நிற்கும். சின்னவற்றை நோக்கி இறங்கும்போது ஓரிடத்தில் புள்ளிகள் கோட்டை விட்டுக் கீழே வளையும். அந்த இடத்துக்குக் கீழே நாம் தவறவிடத் தொடங்கிவிட்டோம் என்று அர்த்தம். அதை இங்கே முழுமை எல்லை என்று சொல்கிறேன்.

ஒரு கற்பனைக் கணக்கு. 4 உம் அதற்கு மேலும் 200 நடுக்கங்கள், அவை முழுமையாகப் பதிவானவை. பீ 1 என்றால் 3 உம் அதற்கு மேலும் 2,000 இருக்க வேண்டும். பட்டியலில் 1,200 தான் இருக்கிறது. அப்படியானால் தவறியது 800. இதோடு நிறுத்திக் கையைக் கழுவும் மாணவர்கள் அதிகம், ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. 200 தரவிலிருந்து பெற்ற பீயின் நியம வழு (மதிப்பீடு எவ்வளவு தளம்பலாம் என்ற அளவு), பீயை 200 இன் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது 0.07. பீ 0.93 ஆக இருந்தால் எதிர்பார்ப்பு 1,700 தான். 1.07 ஆக இருந்தால் 2,350. ஆகவே தவறியது 500 ஆகவும் இருக்கலாம், 1,150 ஆகவும் இருக்கலாம். 200 என்ற எண்ணுக்கே உள்ள தற்செயல் ஏற்றத்தாழ்வைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் அகலும். “800” என்று தனியாக எழுதுவதும் “500 முதல் 1,150 வரை” என்று எழுதுவதும் ஒன்றில்லை; பின்னது மட்டுமே உண்மை.

அந்த முழுமை எல்லையைக் கண்ணால பார்த்து முடிவெடுக்கிறதோ?

கண்ணால் பார்த்துத் தொடங்கலாம், முடிவை அப்படி எடுக்கக் கூடாது. மிக எளிய முறை, எந்தப் பருமன் வகுப்பில் அதிக நடுக்கங்கள் உள்ளனவோ அதையே எல்லையாக எடுப்பது. இது பெரும்பாலும் எல்லையைக் கொஞ்சம் தாழ்த்திக் காட்டும், ஆகவே 0.2 அளவு கூட்டிக்கொள்வார்கள். இன்னொரு முறையில், எல்லையைப் படிப்படியாக உயர்த்தி, எந்த இடத்திலிருந்து நேர்கோடு தரவோடு நன்றாகப் பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். எல்லை கிடைத்ததும் 1965 இல் அக்கி தந்த சூத்திரம்: பீ என்பது 0.4343 ஐ, சராசரிப் பருமனிலிருந்து எல்லையைக் கழித்து வந்ததால் வகுத்தது. பருமன்கள் 0.1 க்கு மட்டந்தட்டப்பட்டிருந்தால் எல்லையில் 0.05 குறைத்துக்கொள்ளுங்கள். இதை மறந்தால் பீ கூடுதலாக வரும்.

எல்லை ஒரே எண் என்று எண்ண வேண்டாம். நிலையம் கூடக் கூட அது கீழே இறங்கும். கரையிலிருந்து நடுக்கடலுக்குப் போகப் போக ஏறும். பகலில் ஆட்களின் நடமாட்டத்தால் இரைச்சல் கூடுவதால் இரவில்தான் அதிக நடுக்கம் பதிவாகும். 2020 ஊரடங்குக் காலத்தில் உலகம் முழுவதும் அந்த இரைச்சல் வெகுவாகக் குறைந்ததை நிலையங்கள் காட்டின. மாறாக, பகலில் மட்டும் எண்ணிக்கை கூடினால் கல்லுடைக்கும் வெடியை நடுக்கமாகப் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

தவறின பெறுமானத்துக்கு சராசரியைப் போட்டா என்ன சேர்? பாடத்தில அப்படித்தானே படிச்சம்.

பாடத்தில் படித்தது, தரவு தற்செயலாகத் தவறினால் என்ற நிபந்தனையோடு. நிலநடுக்கம் தற்செயலாகத் தவறுவதில்லை. அது சின்னதாக இருப்பதால்தான் தவறுகிறது. அதாவது காணாமல் போவதற்கான காரணம், காணாமல் போன பெறுமானத்துக்குள்ளேயே இருக்கிறது. கண்டவற்றின் சராசரி, காணாதவற்றைவிட எப்போதும் பெரிது. அதைப் போட்டு நிரப்பினால் பட்டியல் முழுக்க நடுத்தர நடுக்கங்கள் நிறைந்து, மேலே சொன்ன நேர்கோடே சிதைந்துபோகும்.

ஆழம் தவறியபோது உலகப் பட்டியல்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது ஏறக்குறைய இதே வேலைதான். ஆழம் கணக்கிட முடியாத மேலோட்டமான நடுக்கத்துக்கு 10 கிலோமீற்றர் என்று நிலையாகப் போடுவார்கள், முன்பு 33 போட்டார்கள். அதற்குத் தனிக் குறியீடும் வைப்பார்கள். குறியீட்டைப் பார்க்காமல் ஆழத்துக்கு நிரல்வரையம் கீறினால் 10 இலும் 33 இலும் இரண்டு கோபுரங்கள் எழும். பூமி அந்த ஆழத்தைத் தெரிந்தெடுத்து ஆடுகிறது என்று முடிவெழுதிய ஒப்படைகளைத் திருத்தியிருக்கிறேன். பட்டியலை இறக்கினால் முதலில் குறியீட்டு நிரலைத் திறவுங்கள்.

பழைய காலத்தில பெரிசு மட்டும் இருக்கு, இப்ப சின்னதும் இருக்கு. ரெண்டையும் என்னண்டு சேர்க்கிறது?

வெட்டி எறியாமலும், வெற்றிடங்களை ஒவ்வொன்றாக நிரப்பாமலும் சேர்க்கலாம். ஒவ்வொரு பருமன் வகுப்புக்கும் அது எந்த ஆண்டிலிருந்து முழுமையாகப் பதிவாகிறது என்று தனித்தனியாகப் பாருங்கள். ஸ்டெப் என்பவர் 1972 இல் தந்த சோதனை இதற்கு உதவும்: இன்றிலிருந்து பின்னோக்கி 5, 10, 20 வருடம் என்று சாளரத்தை நீட்டும்போது வருடாந்த வீதம் மாறாமல் நிற்கிறதா? எந்த இடத்தில் வீழத் தொடங்குகிறதோ அதுவரைதான் முழுமை. பேச்சுக்கு, 6 க்கு மேல் 1900 முதல், 5 க்கு மேல் 1965 முதல், 4 க்கு மேல் 1980 முதல் என்று வந்தால், ஒவ்வொரு வகுப்பையும் அதனதன் வருடங்களால் வகுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே 120 வருடத்தால் வகுத்தால் சின்ன நடுக்கத்தின் வீதம் பாதிக்கும் கீழே போய்விடும்.

இப்படி வெவ்வேறு காலங்களை ஒரே உயர்நிகழ்தன்மைக் கணக்கில் (கண்ட தரவு வர அதிக வாய்ப்புத் தரும் பெறுமானத்தைத் தெரிவது) சேர்ப்பதை வைகேர்ட் 1980 இல் எழுதினார். கருவிக்கு முந்திய காலத்தின் பெரிய நடுக்கங்களை மட்டும் வைத்து, இடையில் பதிவே இல்லாத காலங்களையும் அனுமதிக்கும் முறையை கிஜ்கோவும் செலவோலும் 1989 இலும் 1992 இலும் தந்தார்கள். 1615 போல ஒற்றை நிகழ்வு மட்டும் தெரிந்த நம் நாட்டுக்கு இந்த இரண்டாவது சிந்தனைதான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

பெரிய பூகம்பம் நடந்த உடனதான் எல்லாரும் கவனிப்பினம். அப்பவும் தவறுமோ?

அப்போதுதான் மோசமாகத் தவறும். பெரிய நடுக்கத்தின் அலை ஓய்வதற்குள் பின்னதிர்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும், சின்னவற்றைப் பிரித்தறிய முடியாது. கலிபோர்னியாத் தரவிலிருந்து எடுத்த ஒரு விதி: முழுமை எல்லை, பெரிய நடுக்கத்தின் பருமனிலிருந்து 4.5 ஐயும், நாட்களில் அளந்த நேரத்தின் மடக்கையின் 0.75 பங்கையும் கழித்தது. 7 பருமன் நடுக்கத்துக்குப் பிறகு ஏறக்குறைய 14 நிமிடத்தில், அதாவது 0.01 நாளில், எல்லை 4.0. ஒரு நாள் கழித்து 2.5. அதே வலையமைப்பு, அதே கருவிகள்.

நிரப்புவதற்கு இரண்டு துணைகள். பின்னதிர்வுகள் நேரத்தோடு எப்படிக் குறைகின்றன என்பதை ஒமோரி 1894 இலேயே கண்டார், ஏறக்குறைய நேரத்துக்கு நேர்மாறாக. ஒவ்வொரு பின்னதிர்வும் தன் பங்குக்கு மேலும் சிலவற்றைத் தூண்டும் என்ற மாதிரியை ஒகாட்டா 1988 இல் முழுமையாக்கினார். முதல் மணித்தியாலத் தரவு அரைகுறையாக இருக்க அதை அப்படியே இந்த மாதிரிகளுக்குள் போட்டால், பெரிய நடுக்கத்தின் தூண்டும் சக்தி உண்மையைவிடக் குறைவாக வரும்.

2016 ஏப்ரலில் ஜப்பானின் குமமோட்டோவில் 14 ஆம் திகதி 6.5, 16 ஆம் திகதி 7.3 வந்தன. இரண்டுக்கும் பின்னால் பதிவில் பள்ளங்கள். சுவாங், ஒகாட்டா, வாங் மூவரும் 2017 இல் நேரத்தையும் பருமனையும் இரு அச்சாகக் கீறி, எந்தப் பகுதி வெறுமையாகத் தெரிகிறதோ அதைச் சுற்றிக் கோடு போட்டார்கள். பருமன்களின் பரம்பல் நேரத்தோடு மாறுவதில்லை என்று எடுத்துக்கொண்டால், கோட்டுக்கு வெளியே முழுமையாக உள்ளவற்றை வைத்தே உள்ளே எத்தனை, எந்தப் பருமனில் இருக்க வேண்டும் என்று தற்செயலாக உருவாக்கிப் போடலாம். ஒமோரி விதியைக்கூட முன்கூட்டியே நம்பத் தேவையில்லாதது இதன் அழகு.

கம்பியூட்டர் இப்ப எல்லாத்தையும் கண்டுபிடிக்குதாமே, பிறகேன் இந்தக் கணக்கு?

அலைப்பதிவு கையில் இருந்தால் கணினியிடம் கொடுங்கள், அதுதான் முதல் வழி. தென் கலிபோர்னியாவில் 2008 முதல் 2017 வரையான பழைய அலைப்பதிவுகளை, தெரிந்த நடுக்கங்களின் அலைவடிவோடு ஒப்பிட்டுத் தேடியபோது 18 இலட்சத்துக்கும் மேற்பட்ட நடுக்கங்கள் கிடைத்தன, வழமையான பட்டியலைவிடப் பத்து மடங்கு. இவை உண்மையில் நடந்தவை, நேரமும் இடமும் உள்ளவை. பத்து மடங்கு கிடைத்த பிறகும் அந்தப் பட்டியலுக்கு ஒரு முழுமை எல்லை உண்டு, எல்லை கீழே நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அலைப்பதிவே இல்லாத காலத்துக்குக் கணினி உதவாது.

அப்ப பழைய பேப்பர், கோயில் கணக்கு, தேவாலயக் குறிப்பு இதுகள் உதவாதோ?

மிகவும் உதவும், கணக்குக்கு முன் அங்கேதான் போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் உதயதாரகைப் பத்திரிகை 1841 இல் தொடங்கியது, அதாவது அலிப்பூர்க் கருவிக்கு அரை நூற்றாண்டுக்கும் முந்தி. எந்த ஊரில் என்ன ஆடியது, எது விழுந்தது என்பதிலிருந்து பருமனை மதிப்பிட முறைகள் உண்டு. கடல்மட்டக் கருவியும் சாட்சி சொல்லும்: 1881 டிசம்பர் 31 நிக்கோபார் நடுக்கத்தின் பருமனை, வங்கக் கடலோரக் கருவிகளில் பதிந்திருந்த அலைகளை வைத்து 2003 இல் 7.9 என்று கணக்கிட்டார்கள்.

ஆனால் பத்திரிகைக்கும் முழுமை எல்லை உண்டு. 1981 இல் நூலகத்தோடு எரிந்துபோன ஏடுகள், யுத்தத்தால் அச்சாகாத நாட்கள், எல்லாம் சேர்ந்தது அது. நேரத்திலும் கவனம் வேண்டும். 1996 ஒக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை நாட்டின் நேரம் அரை மணித்தியாலம் முன்னால் இருந்தது, வன்னியில் பழைய நேரமே நடைமுறையில் இருந்தது. 2004 சுமாத்திரா நடுக்கம் யாழ் நகர மணிக்கூட்டில் காலை 6.58, கிளிநொச்சி மணிக்கூட்டில் 6.28. வாய்மொழிச் சாட்சிகளைச் சேகரிப்பவர்கள் “பழைய நேரமோ, புது நேரமோ” என்று கேட்டே எழுத வேண்டும். கேட்காவிட்டால் ஒரே நடுக்கம் பட்டியலில் இரண்டாகிவிடும்.

நிரப்பின பட்டியலை எப்படி வைக்கிறது? ஒண்டாக் கலந்து விடலாமோ?

கலக்கவே கூடாது. ஒவ்வொரு வரிக்கும் “பதிவானது”, “மதிப்பிட்டது” என்று ஒரு நிரல் வையுங்கள். மதிப்பிட்டது என்றால் எந்த முறை, எந்த முழுமை எல்லை, எந்தப் பீ என்பதும் பக்கத்தில் இருக்கட்டும். மூலப் பட்டியலை ஒருபோதும் மாற்றாதீர்கள்.

ஒரே ஒரு நிரப்பிய பட்டியலும் போதாது. புள்ளிவிபரவியலாளர் ரூபினின் பன்மடங்கு நிரப்பல் முறைப்படி, பீயையும் தற்செயலாக மாற்றி மாற்றி, இருபது முப்பது பட்டியல்களை உருவாக்குங்கள். உங்கள் கேள்விக்கு ஒவ்வொன்றிலும் விடை காணுங்கள். விடைகளின் சராசரி உங்கள் மதிப்பீடு. ஒவ்வொரு பட்டியலுக்குள்ளும் உள்ள வழுவோடு, பட்டியலுக்குப் பட்டியல் விடை மாறும் அளவையும் சேர்த்தால் உண்மையான வழு வரும். மேலே 500 முதல் 1,150 வரை என்று பார்த்த அகலம் இங்கே தொலைந்துபோகாமல் கடைசி விடைவரை வந்து சேரும்.

அடுத்தது எப்ப எண்டு இதை வைச்சுச் சொல்லலாமோ?

நாளும் நேரமும் சொல்ல முடியாது, யாராலும். ஐம்பது வருடத்தில் இன்ன பருமனுக்கு மேல் வர எவ்வளவு நிகழ்தகவு என்று சொல்லலாம். கட்டடத்துக்கும் அணைக்கும் அதுதான் வேண்டும்.

நிரப்பின பிறகு திரும்ப பீயைக் கணக்கிட்டன் சேர், அப்படியே 1.0 வந்தது. அப்ப நிரப்பினது சரிதானே?

இல்லை. பீ 1.0 என்று எடுத்து நிரப்பினீர்கள், போட்டதையே திரும்ப எடுத்திருக்கிறீர்கள். உயர்தர மாணவர் முதல் முதுநிலை மாணவர் வரை எல்லோரும் இதில் விழுகிறார்கள். தரவின் எண்ணிக்கை கூடியதால் வழுவும் குறைந்ததுபோலத் தெரியும், ஆய்வு வலுவானதுபோல ஒரு தோற்றம் வரும். உருவாக்கிய வரிகளில் புதிய தகவல் ஒரு துளியும் இல்லை. அவற்றை எண்ணி வழுவைக் குறைக்க உரிமையும் இல்லை.

சரியான சோதனை வேறு. நன்றாகப் பதிவான ஒரு காலத்தை எடுங்கள், ஜப்பான் அல்லது கலிபோர்னியாப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கும். அதில் சின்னவற்றை, பருமன் குறையக் குறைய அதிகம் தவறும்படி, நீங்களே அழியுங்கள். அழித்ததை ஒரு நண்பரிடம் கொடுத்து வையுங்கள். மீதியிலிருந்து உங்கள் முறையால் நிரப்பி, எண்ணிக்கையை நண்பரிடம் உள்ளதோடு ஒப்பிடுங்கள். இதை நூறு தடவை, ஒவ்வொரு முறையும் வேறு வேறாக அழித்துச் செய்தால், உங்கள் 95 சதவீத நம்பிக்கை ஆயிடைக்குள் உண்மை எண் சுமார் 95 தடவை விழ வேண்டும். 70 தடவைதான் விழுகிறது என்றால் ஆயிடை குறுகல், அநேகமாகப் பீயின் வழுவை விட்டுவிட்டீர்கள். அந்தக் கணக்கிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.